தீர்ப்புச் சொல்லாத நடுவர்: காரைக்குடிப் பக்கத்து இளையோர் குழு, ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் குழு எந்தவொரு பங்கின் (கத்தோலிக்கக் கோயில் வட்டத்தின்) குழுவும் அல்ல, எந்தவொரு சபையின் குழுவும் அல்ல. செட்டிநாட்டுச் சிறு நகரங்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சினிமா, பாட்டு, போன், நம்பிக்கை என்று பேசும் இடங்களில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒன்றாகச் சேர்த்து வரைந்த மாதிரி இது. சீட்டுகளில் வரும் வாசகங்களும் பிள்ளைகள் கேட்கிற தினுசைக் காட்ட எழுதியவையே. எண்ணிக்கைகளைத் திட்டமிட உதவும் அளவாக எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

ஊரும் பிள்ளைகளும்

குழுவில் 14 பேர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. ஒன்பது பேர் கத்தோலிக்கர், ஐந்து பேர் சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை. காரைக்குடியில் இருந்து பாதி, புதுவயல், கல்லல், பள்ளத்தூர்ப் பக்கம் மீதி. நடத்துவோர் மூவர்: ஒரு மறைக்கல்வி ஆசிரியர், ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை, கல்லூரி முடித்த ஓர் அண்ணன்.

இந்தப் பிள்ளைகள் வளர்கிற சூழலை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. தெரு முனையில் பிள்ளையார், ஊர் எல்லையில் கருப்பர். தைப்பூசம் நெருங்கினால் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடி போகும். பிள்ளையின் பக்கத்து பெஞ்சு நண்பன் அதில் நடப்பான். கத்தோலிக்க வீடுகளுக்கு ஓரியூரும் வேளாங்கண்ணிக்கு நடக்கிற நடையும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் ரீல்ஸ், கே-பாப், அனிமே. இவையெல்லாம் அந்தப் பிள்ளையின் தலைக்குள் தனித்தனி அறைகளில் இல்லை, ஒரே முற்றத்தில்தான் கிடக்கின்றன.

சினிமாவும் இங்கே வெளிச் சரக்கு அல்ல. ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் பிடித்த ஊர் இது. 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டதுதான். அதன் பிறகே ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. இன்றைக்கும் கானாடுகாத்தான் வீடுகளின் பட்டாலையிலும் வளவிலும் படப்பிடிப்பு நடக்கிறது. குழுவில் ஒரு பையனின் சித்தப்பா படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். "சினிமா உலகத்தின் காரியம்" என்று பிரசங்கம் செய்தால் அது அவன் வீட்டுச் சோற்றின் மேல் விழும். முதல் கூட்டத்திலேயே அது விழுந்தது.

முதல் மூன்று கூட்டங்கள் ஏன் படுத்தன

நடத்தியவர்கள் கைக்கு எட்டிய வடிவத்தை எடுத்தார்கள்: பட்டிமன்றம். எடுத்ததில் ஆச்சரியமில்லை. 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. மேடையில் அணி பிரிந்து வாதாடுவது இங்கே ரத்தத்தில் ஊறியது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளைகள் நான்கு பேர் குழுவிலேயே இருந்தார்கள். தலைப்பு: "இளையோரின் விசுவாசத்துக்குச் சினிமா துணையா, தடையா?" நடுவர், மறைக்கல்வி ஆசிரியர்.

கூட்டம் கலகலப்பாகவே போனது. கைதட்டல் இருந்தது. நான்காவது கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள்.

பட்டிமன்றம் நல்ல வடிவம்தான். கம்பனில் யார் பெரியவர் என்று பேசுவதற்கு அதை விடச் சிறந்த வடிவம் இல்லை. அங்கே பேசுகிறவர் தன் அணியை நம்ப வேண்டிய கட்டாயம் கிடையாது. இங்கே சிக்கல் அதுதான். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சினிமா துணையும் அல்ல, தடையும் அல்ல; அது அவளுக்கு ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை வந்த ஒரு குறிப்பிட்ட குழப்பம். அந்தக் குழப்பத்துக்கு எந்த அணியிலும் நாற்காலி போடவில்லை. பேசத் தெரிந்த நால்வர் பேசினார்கள், பெண் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள். நடுவர் எப்படியும் "தடை" என்றுதான் முடிப்பார் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எதற்கு மறுபடி வர வேண்டும்?

இன்னொரு கோளாறு நேரம். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கூட்டம் என்று வைத்தார்கள். சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில்தான் ஆராதனை. அவர்கள் பாதியில் வந்தார்கள், விருந்தாளி போல உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

மாற்றி அமைத்தது

கூட்டம் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மாலை 4 மணிக்கு மாறியது. 5:30-க்கு முடித்தே ஆக வேண்டும். புதுவயல், கல்லல் பிள்ளைகள் இருட்டுவதற்குள் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ஜூன் கடைசியில் தொடக்கம், டிசம்பர் முதல் வாரத்தோடு நிறுத்தம். அரையாண்டுத் தேர்வு தொடங்கிய பிறகு பத்தும் பன்னிரண்டும் வராது, வரச் சொன்னாலும் பெற்றோர் விட மாட்டார்கள். காலாண்டு விடுமுறையையும் கழித்தால் கையில் நிற்பது பத்துக் கூட்டம். அதற்குமேல் திட்டம் போடுவது வீண்.

90 நிமிடத்தின் கணக்கு இது. முதல் பத்து நிமிடம் சுண்டலும் டீயும். பதினேழு பேருக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை தாராளம். முந்தின இரவே ஊறப்போட வேண்டும். மறந்தால் அன்றைக்குப் பிஸ்கட்தான், பிஸ்கட் அன்றைக்குப் பேச்சு கொஞ்சம் காய்ந்தே போகும். பிறகு காட்சி, மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பத்து நிமிடம் ஓடவிட்டால் பிள்ளைகள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள், திருப்பிப் பேச வைக்கப் படாத பாடு பட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர்க் கூடத்துக்குள் சிக்னல் நிற்காது. முந்தின நாளே இறக்கி வைத்து, சின்ன ஸ்பீக்கரை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். படத்தின் சான்றிதழையும் பார்க்க வேண்டும். யு/ஏ என்பது இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் அறையில் 16+ படத்தின் காட்சி வேண்டாம். முழுப் படம் திரையிடும் ஆசையை விட்டுவிடலாம். அதற்கு உரிமைதாரர் அனுமதி வேண்டும், நேரமும் இல்லை.

காட்சிக்குப் பிறகு மூன்று சுற்று. முதல் சுற்றில் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: யார் என்ன செய்தார், கேமரா யார் முகத்தில் நின்றது, பாட்டு எப்போது வந்தது. அபிப்பிராயம் சொன்னால் நிறுத்திவிட வேண்டும். இந்தச் சுற்றை அவசரமாகக் கடக்கும் குழுக்களே அதிகம், அங்கேதான் கெடுகிறது. பார்த்ததில் ஒப்புக்கொள்ளாதவர்கள் அர்த்தத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. இரண்டாம் சுற்று: இந்தக் காட்சி எதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது? யாரை நல்லவன் என்கிறது, எதை வெற்றி என்கிறது? மூன்றாம் சுற்றில்தான் விவிலியம் திறக்கும். வேதம் இதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மோதுகிறது, எங்கே பேசாமல் இருக்கிறது? கடைசிக் கேள்வியைச் சேர்ப்பது முக்கியம். எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் இருக்கும் என்ற பழக்கம் பிள்ளைகளிடமும் உண்டு.

கடைசிப் பத்து நிமிடம் தீராதவற்றுக்கு. அன்றைக்குத் தீராத கேள்வியைக் கரும்பலகையின் வலது ஓரத்தில் எழுதி அழிக்காமல் விட வேண்டும். பதினைந்து நாள் அது அங்கேயே நிற்கும். நடுவர் இல்லை. யார் நடத்தினாலும் கேள்வி விழுந்ததும் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். மறைக்கல்வி ஆசிரியருக்கு இது இரண்டு மாதம் பிடித்தது. இருபது வருடமாகப் பதில் சொல்லியே பழகிய வாய்.

சீட்டுப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லாக் குழுவும் ஒரே தப்பைச் செய்கிறது. "பெயர் எழுத வேண்டாம், கேள்வியை எழுதிப் போடுங்கள்" என்பார்கள். 14 பேர் குழுவில் கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் தெரியும். எழுதுகிறவள் யார் என்பதும் தெரியும், ஏனென்றால் மற்றவர்கள் எழுதாமல் உட்கார்ந்திருப்பார்கள். முதல் கூட்டத்தில் பெட்டியில் விழுந்தவை: மூன்று கேலி, ஒரு "சும்மா", ஒரு காலிச் சீட்டு. திருத்தம் எளிது. எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நீலப் பேனா. எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். கேள்வி இல்லாதவர் அன்று காலை என்ன சாப்பிட்டார் என்று இரண்டு வரி எழுதலாம். பெட்டியை ஆசிரியை ஒருவரே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கையால் ஒரு நோட்டில் படியெடுத்து, மூலச் சீட்டைக் கிழித்துவிடுவார். அடுத்த கூட்டத்தில் நோட்டிலிருந்துதான் வாசிப்பு. இட்லி, தோசை, பழைய சோறு என்று வந்த சீட்டுகளுக்கு நடுவில் உண்மையான கேள்விகள் நிமிர்ந்தன.

இரண்டு சபையும் ஒரே கூடத்தில் உட்காரும்போது சொற்களும் இடறும். ஒருவருக்குத் திருப்பாடல், மற்றவருக்குச் சங்கீதம். திருத்தூதர் பணிகளைத் தேடச் சொன்னால் அப்போஸ்தலர் நடபடிகள் வைத்திருக்கும் பிள்ளை பக்கம் புரட்டிக்கொண்டே இருக்கும். 73 நூல்கள் உள்ள வேதத்தில் தோபித்து உண்டு, 66 உள்ளதில் இல்லை. ஃபாதர் என்கிறவரும் ஐயர் என்கிறவரும் ஒரே வேலை செய்கிறவர் என்பதே ஒரு பிள்ளைக்குப் புதுச் செய்தி. பலகையில் இரண்டு பெயரையும் எழுதி வைப்பது ஒரு நிமிட வேலை, அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால் ஐந்து பேர் அந்நியர் ஆகிவிடுவார்கள்.

கருப்பர் பாட்டு

ஆகஸ்டில் நோட்டிலிருந்து வாசித்த சீட்டு: "ஆண்டு விழாவுல சாமி பாட்டுக்கு ஆடச் சொல்றாங்க. ஆடுனா பாவமா?"

இந்தப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் கருப்பசாமி பாட்டுக்கு ஆடும் குழு நடனம் வராத வருடம் குறைவு. தலைப்பாகை, கையில் அட்டை அரிவாள், நெற்றியில் திருநீறு, கடைசிச் சரணத்தில் அருள் வந்தது போல ஆட்டம். கூட்டம் அதற்குத்தான் விசிலடிக்கும். சீட்டு எழுதியவள் ஒன்பதாம் வகுப்பு என்பது பிறகு அவளே சொன்னது. அம்மா கூடாது என்றார். அப்பா, "டான்ஸ்தானேம்மா, விடு" என்றார். அவள் டீச்சரிடம் வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு ஒத்திகைக்குப் போகவில்லை.

பட்டிமன்றக் காலமாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது ஆசிரியை கேள்வியைத் திருப்பிப் போடாமல் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பத்தாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். சிலைகளுக்குப் படைத்த இறைச்சி பற்றிய பகுதி அது. பிள்ளைகள் அதை ஒரே கட்டளையாகத்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். வரி வரியாக வாசித்தால் பவுல் நான்கு இடங்களைப் பிரிக்கிறார். ஆண்டவருடைய பந்தியிலும் மற்றப் பந்தியிலும் ஒருசேரப் பங்கெடுக்க முடியாது என்கிறார். சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். விசுவாசம் இல்லாதவர் வீட்டுக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு என்கிறார். ஆனால், "இது படைத்தது" என்று யாராவது எடுத்துச் சொன்னால் சாப்பிடாதே என்கிறார். உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக.

பலகையில் நான்கு கட்டம் போட்டு, பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையை அதில் நிரப்பினார்கள். கடை வாசலில் ஒலிக்கும் அம்மன் பாட்டைக் கேட்பது. பஸ்ஸில் கூடவே முணுமுணுப்பது. நண்பன் வீட்டில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல். மேடையில் ஆடுவது. மேடையில் அருள் வந்ததாக ஆடுவது. எந்த இடத்தில் கோடு என்பதில் 14 பேருக்கும் ஒரே பதில் வரவில்லை, வர வேண்டும் என்று யாரும் தள்ளவுமில்லை.

திருப்பம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "எங்க பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கும் இது பிடிக்காதுக்கா. சாமி ஆடுறத வேடிக்கையா ஆடக் கூடாதுன்னு அது திட்டும்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. விக்கிரக ஆராதனை என்று பயப்படும் கிறிஸ்தவ அம்மாவும், சாமியைக் கூத்தாக்காதே என்று சொல்லும் கருப்பர் கோயில் ஆத்தாவும் அட்டை அரிவாளைக் கீழே போடச் சொல்கிறார்கள்; காரணம்தான் வேறு. நான்காம் கட்டத்தில் பவுல் சொன்ன "அடுத்தவர் மனச்சாட்சி" அந்தப் பாட்டியின் முகத்தோடு வந்து நின்றது. இப்படி ஒன்று நடக்கும் என்று திட்டமிட முடியாது. பத்து எண்ணிக் காத்திருந்ததால் அவன் பேச இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் டீச்சரிடம் போய் வயிற்றுவலி பொய் என்று சொன்னாள், கும்மிக் குழுவுக்கு மாற்றித் தரும்படி கேட்டாள். டீச்சர் மாற்றிவிட்டார். நினைத்த அளவுக்கு அங்கே சண்டையே இல்லை. இதே குழுவில் இன்னொரு பெண் அந்தக் கருப்பர் நடனத்தில் ஆடினாள், அதை மறைக்கவும் இல்லை. இருவரும் அடுத்த கூட்டத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடத்துவோர் ஆடாதவளைப் பாராட்டவில்லை. பாராட்டினால் அது தீர்ப்பு.

இதே கூட்டத்தில் ஒரு விபத்தும் நடந்தது. சி.எஸ்.ஐ. பையன் ஒருவன், "உங்க சப்பரமும் இதே மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டான். அடுத்த இருபது நிமிடம் சொரூபமா, சிலையா என்ற சண்டை. அதன் பிறகு ஒரு விதி வந்தது: மற்றச் சபையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் அந்தச் சபைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். "நீ சொன்னது இதுதானே?" என்று கேட்டு அவன் தலையாட்டினால்தான் மேலே பேசலாம். விதி சின்னது, சண்டை பாதியாகக் குறைந்தது.

மற்றவை, சுருக்கமாக

விளையாட்டு, போன் பற்றிய கேள்விகளில் பெரும்பாலும் நம்பிக்கைச் சிக்கல் எதுவும் இல்லை, தூக்கச் சிக்கல்தான் இருக்கிறது. அதை வேத வசனத்தால் பெரிதாக்க வேண்டாம். கே-பாப் ரசிகைகளிடம் "அந்நியப் பாட்டு" என்று தொடங்கினால் கதை முடிந்தது. அவர்களுக்குப் பிடித்ததில் பாதி அந்தப் பையன்கள் ஒருவரை ஒருவர் நடத்தும் விதம், அதைக் கேட்டுவிட்டால் பேச்சு தானாக நட்புக்கும் சபைக்கும் வரும். கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் விக்கிரக ஆராதனையா என்ற கேள்வி வருடா வருடம் வரும், "பால் ஊற்றாத வேறு எதுக்கு நீ அந்த அளவு செலவு செய்கிறாய்?" என்று திருப்பினால் நன்றாக ஓடும்.

பேய்ப்படம் பேசிய கூட்டம் தோற்றது. பேய் உண்டா என்ற கேள்விக்கு அண்ணன் தான் கேள்விப்பட்ட கதைகளைச் சொல்லத் தொடங்கினார், மின்சாரமும் போனது, பிள்ளைகளுக்குக் குஷி. மறுநாள் இரண்டு அம்மாக்கள் வந்து கத்தினார்கள், நியாயமாகவே. பேய் பற்றிப் பேசும்போது கதை சொல்லும் உரிமை நடத்துவோருக்கு இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பிள்ளைக்குக் கெட்ட கனவு வாரக்கணக்கில் விடாவிட்டால், காதில் குரல் கேட்கிறது என்று சொன்னால், ஜெபத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 தமிழிலும் பேசும்.

சோகப் பாட்டை விடாமல் கேட்கிற பையன் ஒருவன் எல்லாக் குழுவிலும் இருப்பான். அவனிடம் மகிழ்ச்சியாயிரு என்ற வசனத்தை நீட்டாமல் 88-ஆம் சங்கீதத்தைக் கொடுக்கலாம். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் வெளிச்சத்துக்கு வரும், இது இருளிலேயே முடிகிறது. வேதத்தில் இப்படி ஒன்று இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய பதிலோடு அக்டோபரில் ஒரு பையன் வந்தான்: யூதாசின் சாவை மத்தேயு ஒரு விதமாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் வேறு விதமாகவும் சொல்கிறதே? நடத்தியவர் உடனே சமாளிக்காமல் இரண்டு பகுதியையும் சத்தமாக வாசிக்க வைத்தார். வேறுபாடு இருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. திருச்சபை அதை எப்படி எப்படி விளக்கியது என்பது அடுத்த படி. அந்தப் பையனுக்குக் கொடுத்த வேலை இன்னும் பயன்பட்டது: செயலி காட்டிய ஐந்து வசன எண்களையும் அச்சு வேதத்தில் தேடிப் பார். ஒன்று இல்லாத வசனம், ஒன்று வேறு அதிகாரம். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியதை அவனே பலகையில் எழுதினான்.

கண்ணதாசன் கூட்டத்தை மட்டும் எந்தக் குழுவும் விட்டுவிட வேண்டாம். சிறுகூடல்பட்டிக்காரர், மணிமண்டபம் காரைக்குடியிலேயே இருக்கிறது. நாத்திகம் பேசினார், சினிமாவுக்குப் பாட்டெழுதினார், அர்த்தமுள்ள இந்துமதம் எழுதினார், இயேசு காவியமும் எழுதினார். ஒரு பெண் கேட்டாள்: "கிறிஸ்தவரா இல்லாதவர் எழுதுன இயேசு கதை நமக்குச் செல்லுமாக்கா?" ஏதென்ஸ் நகரத்தில் பவுல் கிரேக்கக் கவிஞர்களின் வரியை எடுத்துப் பேசியது அப்போஸ்தலர் 17:28-ல் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்காமல் மூன்று சுற்றையும் ஓட்டினால், பாட்டெழுதியவரும் பாட்டும் ஒன்றா என்ற நல்ல கேள்வியில் போய் நிற்கும். தங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர்கள் மேல் புகார் வரும் காலத்தில் பிள்ளைகளுக்கு அது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல.

கல்லறைச் சீட்டு

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு அடுத்த கூட்டத்துச் சீட்டு: "படத்துல ஜாதியப் பத்தி எவ்வளவு பேசுறாங்க. நம்ம கல்லறையில சுவர் இருக்கே, அத யாரும் பேச மாட்டீங்களா?"

ஆசிரியை இதை அன்றைக்கு வாசிக்கவில்லை. இரண்டு காரணம். பங்குத் தந்தைக்கு முன்கூட்டியே தெரியாமல் வாசித்தால் கூட்டமே நின்றுபோகும். மேலும், சாதியைப் பிரிக்கும் அந்தச் சுவரின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் குழுவில் இருந்தார்கள். 90 நிமிடத்தில் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு போவதற்கு வழி செய்யக் கூடாது. ஆனால் எழுதியவர் தன் சீட்டு விழுங்கப்பட்டது என்று நினைக்கவும் கூடாது. பலகையின் வலது ஓரத்தில் "கல்லறை" என்று ஒரே ஒரு சொல்லை எழுதினார். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த கூட்டம் முழுதும் அதற்கே. காட்சி போடவில்லை, படங்களைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். நடத்துவோர் செய்தியை மட்டும் வைத்தார்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி நிலை முதலில், சில சீக்கியச் சாதிகள் தவிர, இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் மதம் மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளையின் சான்றிதழில் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் என்று வருகிறது. பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடப்போகிற இரண்டு பேருக்கு இது வரலாறு அல்ல, அடுத்த மே மாதம்.

பிறகு 1833. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை விட்டொழிக்க வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவர் பலர் எதிர்த்தார்கள். சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். மக்கள் பாடிய குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர் அவர். அவருடைய கீர்த்தனைகளை சி.எஸ்.ஐ. பிள்ளைகள் ஆராதனையில் இன்றும் பாடுகிறார்கள். மக்கள் கலைக்குக் கதவைத் திறந்த அதே ஆள் இந்தக் கதவை மூடி வைத்தார். "அப்ப அந்தப் பாட்டப் பாடலாமா?" என்று கேள்வி வந்தது. கண்ணதாசன் கூட்டத்தின் கேள்வியே வேறு வேடத்தில் திரும்பி வந்தது, பதிலும் அன்றைக்கு வரவில்லை. யாக்கோபு 2:1 முதல் 4 வரை வாசித்தார்கள்: பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம். வாசித்த பிள்ளையின் குரல் தடுமாறியது. நடத்துவோர் ஆறுதல் சொல்லப் போகவில்லை, அடுத்த வரியை அவளே வாசிக்கக் காத்திருந்தார்கள்.

நடத்துவோரில் மூவருக்கும் பதில் சொல்ல ஆசை இருந்தது. மூவரும் மூன்று பதில் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் பிள்ளைகள் பெரியவர்களின் பதில்களைத்தான் எடை போட்டிருப்பார்கள், சுவரை அல்ல.

பெரியவர்கள் காக்க வேண்டியவை

அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். கதவு திறந்தே. பிள்ளையோடு தனி வாட்ஸ்அப் உரையாடல் கிடையாது. பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும் செய்தி. காட்டப்போகிற காட்சி எந்தப் படத்தில், எத்தனை நிமிடம் என்று வியாழக்கிழமையே பெற்றோர் குழுவில் போட வேண்டும். "பிள்ளையைக் கெடுக்குறீங்க" என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் காட்சியைப் பற்றியது அல்ல, தெரியாமல் காட்டியதைப் பற்றியது. அப்படியும் ஒரு அப்பா தன் மகனை நிறுத்திக்கொண்டார். அவரோடு வாதாடப் போகவில்லை.

"இங்கே பேசியது இங்கேயே" என்று வாக்குக் கொடுக்கும்போது விதிவிலக்கையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் மறைக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அத்தகைய குற்றம் தெரிந்தவர் புகார் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது, குடும்ப மானம், பங்கின் மானம் என்று விலக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பலகையில் இடது ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைக்கலாம். பேசாமல் படியெடுத்துக்கொள்ளும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும்.

டிசம்பரில் நின்ற இடம்

கடைசிக் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். முதல் நான்கு பேச்சாளர்களில் ஒருவன் வருவதை நிறுத்திவிட்டான். ஜெயிக்க ஒன்றும் இல்லாத இடம் அவனுக்குச் சலித்திருக்கலாம், அவனைப் பிடித்து வைக்கும் வழியை இந்த வடிவம் கண்டுபிடிக்கவில்லை. சீட்டுகள் நீண்டிருந்தன. ஜூலையில் "சினிமா பாவமா" என்று தொடங்கிய வாக்கியங்கள் நவம்பரில் "எனக்கு" என்று தொடங்கின. கோயிலுக்கு வருவது கூடியதா என்று பங்குப் பேரவையில் கேட்டார்கள். கூடவில்லை, குறையவும் இல்லை.

வலது ஓரத்தில் ஒன்பது கேள்விகள் மிச்சம் இருந்தன. ஆசிரியை அவற்றைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார், அடுத்த ஜூன் குழுவுக்கு. எட்டுதான் எழுதினார். "கல்லறை" என்ற ஒன்றைப் பங்குத் தந்தை கேட்டு வாங்கி, ஜனவரிப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாகச் சேர்த்தார். நான்காவது, திருவிழாப் பந்தல் செலவு. பந்தல் கணக்கு அன்றைக்கு இரவு ஒன்பதரை வரை இழுத்தது, ஐந்தாவது மார்ச்சுக்குத் தள்ளப்பட்டது.